மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

தால்மாசியா தெரு, நாற்பத்தாறாம் எண் கட்டடத்தில்
லிஃப்ட் நின்றுபோனது.
உள்ளே நான், ஒரு துடைப்பம்,
எலுமிச்சை வாசனையில் ஒரு வாளித் தண்ணீர்.
பொத்தான்களுக்குக் கீழே தகரத்தில் ஓர் எண்.
போனில் பதினொரு சதவீதம் உயிர்.

"ப்ரோந்தோ" என்றது ஒரு குரல்.
தயார் என்று அர்த்தம்.
இந்த நாட்டில் போனை எடுக்கிறவர்கள்
எல்லாரும் தயாராகத்தான் எடுக்கிறார்கள்.
ஏழு மாதம், செவ்வாயும் வியாழனும்,
பிள்ளைகளின் குட்டி பெஞ்சில்
முழங்காலை மடக்கி உட்கார்ந்து படித்தும்
நான் ஒரு தடவைகூடத் தயாராக இருந்ததில்லை.

மீன் கடையில் கவலை இல்லை.
விரலை நீட்டுவேன், உள்ளங்கையைக் கவிழ்ப்பேன்,
மீதியைப் புருவம் பேசிக்கொள்ளும்.
பாரி நகரத்தில் பாதி இத்தாலி மொழி
மணிக்கட்டில்தான் இருக்கிறது.
போனுக்கு மணிக்கட்டு இல்லை.
ஆனாலும் கையை ஆட்டினேன்.
லிஃப்ட் கண்ணாடிக்குள் இருந்தவள் திருப்பி ஆட்டினாள்,
அவளுக்கும் என் அளவுதான் தெரியும்.

"மாட்டிக்கொண்டது நீங்களா?"
"கி" என்றேன்.
பயத்தில் என் ஊர் வார்த்தை முந்திக்கொண்டது.
குத்தாய்ஸியில் கி என்றால் ஆமாம்.
இங்கே கி என்றால் யார்.
"நீங்கள்தான், சிஞோரா."
"கி, கி!"
"நீங்கள். நீங்கள்."
ஆமாம் ஆமாம் என்று நான் கத்தக் கத்த
யார் யார் என்று அவனுக்குக் கேட்டது.

"கெ பியானோ?"
பியானோ எனக்குத் தெரியும். மெதுவாக.
வகுப்பில் நாங்கள் முதலில் பிடித்துக்கொண்ட வார்த்தை,
வெள்ளத்தில் கிடைத்த மரக்கட்டை மாதிரி.
மெதுவாகப் பேசுகிறேன் என்கிறான், நல்ல பிள்ளை.
"ஆமாம், பியானோ, பியானோ. நன்றி."
மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.
"மாடி, சிஞோரா. எத்தனையாவது மாடி?"

மாடிக்கும் அதே வார்த்தை.
தினமும் நான் மெதுமெதுவாக ஏறித் துடைக்கிற ஐந்து மாடியும்
அதற்குள்ளேயே இருந்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே, என்றேன்.
இலக்கணம் பிசகவில்லை.
பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெயர்?
லமாரா லோம்தாதிட்ஸே.
எழுத்துக் கூட்டுங்கள்.
இங்கே எழுத்துக் கூட்டுவது ஊர் ஊராகப் போவது.
லிவோர்னோ. ஒத்ராந்தோ. மிலானோ.
தொரினோ, அங்கோனா, மறுபடி தொரினோ, இமொலா.
நிற்காத ரயில் மாதிரி ஓடினேன்.
எதையும் பார்த்ததில்லை.
இந்த ஊரில் இறங்கிய நாளிலிருந்து
வாளியோடு மேலே போய்க் கீழே வந்ததுதான் என் பயணம்.
அடுத்த எழுத்துக்குத் தோமோதொஸ்ஸொலா.
தோமோ.
தொஸ்ஸோ.
தோதோ.

சிரித்துவிட்டான். கேலி இல்லை.
"முதல் மாதம் என் உயிரையும் வாங்கிய ஊர் அது."

என் உயிரையும்?
அப்போதுதான் காதில் விழுந்தது:
அவன் லகரம் கொஞ்சம் தடித்திருந்தது.
வாக்கியத்துக்கு முன்னால்
ஒரு சின்னப் படியைத் தாண்டித்தான் அவனும் வருகிறான்.
"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"
"திரானாவில். பெயர் பெத்ரித்."
கடலுக்கு அந்தக் கரையில் ஒரு நாற்காலி,
இந்தக் கரையில் ஒரு வாளி.
நடுவே இரண்டு பேரும் இரவல் வாங்கிய மொழி,
தோளில் அவனுக்கும் இறுக்கம், எனக்கும் இறுக்கம்.

"மெக்கானிக் கிளம்பிவிட்டார். இருபது நிமிஷம்.
வைத்துவிடட்டுமா?"
மூன்று சதவீதம்.
"வேண்டாம். அந்த ஊரை இன்னொரு தடவை சொல்லுங்கள்.
பியானோ."

சொன்னான். சொன்னேன்.
சொன்னான்.
ஊர் முழுசாக என் வாய்க்குள் வந்து நின்றபோது
போன் செத்துப்போனது.
கண்ணாடிக்காரியிடம் சொல்லிக் காட்டினேன்,
அவள் உதடும் சரியாகத்தான் அசைந்தது.

கதவு இடுக்கில் ஒரு நரைத்த தலை.
கையில் தாள்.
கடைசி இரண்டு ஊர் வந்து சேராத என் பெயர்.
"சிஞோரா லோம்தாதி...?"

கி, என்றேன்.
அவர் மறுபடி தாளைப் பார்த்தார்.